எனக்குக் கேக்கலம்மா

அமலி சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அவள் கேட்ட கேள்விக்கு ஒழுங்காகப் பதில் சொன்ன ஒரே ஜீவன் பக்கத்து வீட்டு வெள்ளாடு. மனிதர்கள் எல்லாரும் "ஒன்னுமில்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

திருவாரூருக்குத் தெற்கே, பஸ் நின்றால் இறங்கலாம், நிற்காவிட்டால் அடுத்த ஊரில் இறங்கித் திரும்பி நடக்கலாம் என்ற நிலைமையில் கோரைக்குடி என்று ஓர் ஊர். அங்கே மாதா கோயில் தெருவில் டிராக்டர் ஓட்டுகிற அருள்சாமி, அவர் மனைவி மதலேன், ஒரே மகள் அமலி. முப்பத்தேழு வயது வரை அந்தத் தெருவிலேயே மீன்குழம்புக்குப் பேர் போனவளாக இருந்த மதலேன், ஒரு பங்குனி மாதக் காலையில் குடத்தைக் கவிழ்த்து வைத்தாள். அடிபம்பில் பஞ்சாயத்துக்காரர்கள் விஷத்தைக் கலந்துவிட்டார்கள் என்றாள். அமலிக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஒரு பகல் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருந்தாள்.

சாயங்காலம் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்ட நிலையில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்தவள், அந்த வெள்ளாடு பம்படியில் தேங்கியிருந்த தண்ணீரைக் குடிப்பதைப் பார்த்தாள். எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அது எப்போது சாகும் என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அரை மணி நேரம் ஆகியிருக்கும். ஆடு சாகவில்லை. புழுக்கை போட்டது. பிறகு அவள் பாவாடை ஓரத்தைத் தின்ன வந்தது. அமலி எழுந்துபோய் பம்பை அடித்து வயிறு முட்டக் குடித்தாள்.

அப்படித்தான் முதல் விதி பிறந்தது. அம்மா ஒன்று சொன்னால் ஆட்டைப் பார்.

அருள்சாமி நல்ல மனிதர்தான். ஆனால் அவரிடம் போய் "அம்மாவுக்கு என்னப்பா?" என்று கேட்டால், "தலைவலிம்மா" என்பார். மூன்று வருஷம் விடாமல் வலித்த தலைவலி அது. அத்தைகளும் சித்தப்பாக்களும் அந்தத் தலைவலியைத் தீர்க்க மதலேனை ஒரு மாதா கோயிலுக்கும் ஒரு பெருமாள் கோயிலுக்கும் ஒரு தர்காவுக்கும் கூட்டிக்கொண்டு அலைந்தார்கள். மத ஒற்றுமை பற்றி மேடையில் பேசுகிறவர்கள் அந்த வேனில் ஒரு தடவை ஏறியிருக்கலாம். போன இடத்திலெல்லாம் மதலேன் நன்றாகச் சாப்பிட்டாள், ஊர் சுற்றிப் பார்த்தாள், திரும்பி வந்து மறுபடி குடத்தைக் கவிழ்த்தாள்.

டி.வி.யில் செய்தி வாசிக்கிற பெண் தன்னைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று மதலேன் அடுத்தபடி சொன்னாள். இதற்கு ஆடு உதவாது. அமலி யோசித்தாள். நம் மேல் பிரியமாக இருக்கிறவர்கள் யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள், எல்லாருக்கும் தலைவலிதான். ஆகவே நம்மைப் பிடிக்காத ஆளாகப் பார்த்துக் கேட்க வேண்டும், இது இரண்டாவது விதி. அதற்கு வகுப்பிலேயே ஒருத்தி இருந்தாள். மதிவதனி. முதல் ரேங்குக்காக இருவருக்கும் ஆகாது. ரப்பரைக் கடித்துத் துப்பிய பழைய பகையும் உண்டு.

அமலி நேராக மதிவதனி வீட்டுக்குப் போய், வாசலில் உட்கார்ந்து, தலைப்புச் செய்தியிலிருந்து வானிலை வரைக்கும் கண் கொட்டாமல் பார்த்தாள். கோரைக்குடி மதலேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உண்மையைச் சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

"எங்கம்மாவப் பத்தி ஏதாச்சும் சொன்னாங்களா?" என்று மதிவதனியிடம் கேட்டாள்.

"உங்கம்மா என்ன பெரிய மந்திரியா? உங்கம்மாவுக்கு மூளை சரியில்லன்னு எங்கம்மா சொன்னாங்க. போடி."

அமலிக்கு அன்றைக்கு ஏற்பட்ட நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல. முதல் தடவையாக ஒருவர் அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கிறார். தலைவலி இல்லை. மூளைக்கு வந்த சீக்கு. காலுக்கு வருகிற மாதிரி, கண்ணுக்கு வருகிற மாதிரி. தன்னால் வந்ததில்லை, தன் ரேங்க் குறைந்ததால் வந்ததில்லை. வீட்டுக்குத் துள்ளிக்கொண்டு போனாள். மதிவதனிக்கு இன்றுவரை, தான் ஒரு குழந்தையைக் காப்பாற்றியது தெரியாது. தெரிந்தால் வருத்தப்படுவாள்.

மூன்றாவது விதிதான் கஷ்டம். மதலேன் திடீரென்று கையைத் தூக்கி, "உனக்குக் கேக்குதாடி?" என்பாள். யாரோ கூப்பிடுகிற சத்தம், சிரிக்கிற சத்தம், திட்டுகிற சத்தம். கேட்கிறது என்று சொன்னால் அம்மா சந்தோஷப்படுவாள், ஆனால் அது பொய். கேட்கவில்லை என்று கத்தினால் சண்டை வரும். அமலி பல மாதம் தட்டுத் தடுமாறி ஒரு பதிலைக் கண்டுபிடித்தாள். "எனக்குக் கேக்கலம்மா. உனக்குக் கேக்குதுன்னு தெரியுது." இதைச் சொன்னால் மதலேன் கொஞ்ச நேரம் மகளைப் பார்ப்பாள், பிறகு வேலையைப் பார்க்கப் போய்விடுவாள்.

இதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தாள். 'திங்கள். பம்பு விஷம். ஆடு குடித்தது, நானும் குடித்தேன்.' 'புதன். வெட்டாற்றங்கரையோரம் யாரோ கூப்பிட்டாங்கன்னு அம்மா பத்து கிலோமீட்டர் நடந்துபோய்விட்டது. குரலைத் தேடிப் போகக் கூடாது.' கடைசியில் அமலிக்குப் பன்னிரண்டு வயதானபோது, சாமிகளெல்லாம் கைவிரித்த பிறகு, அருள்சாமி மதலேனைத் தஞ்சாவூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே டாக்டரிடமும் அவர் தலைவலி என்றே ஆரம்பித்தார். அமலி நோட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு, அருள்சாமியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டார்.

மாத்திரையும் ஊசியுமாக முக்கால் மதலேன் திரும்பி வந்தாள். மீன்குழம்பும் திரும்பி வந்தது. மீதிக் கால் மதலேன் எப்போதாவது கையைத் தூக்கி, "கேக்குதாடி?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். கூடவே ஊரே அறிந்த அந்தத் தொண்டை. மதலேன் வாசலில் நின்று "அடி அமலீ... ஓடியாடீ..." என்று கூப்பிட்டால் மூன்று வாய்க்கால் தாண்டிக் கேட்கும். மேல்நிலைப் பள்ளி முடிகிறவரை அமலிக்கு அந்தக் கூப்பாடு போல அவமானமானது வேறொன்றுமில்லை. ஒரு நாளும் பதில் குரல் கொடுத்ததில்லை. தலையைக் குனிந்துகொண்டு ஓடிவருவாள், அவ்வளவுதான்.

பிறகு தாவரவியல் படித்தாள். திருவாரூரில் ஒரு தனியார் விதைப் பரிசோதனைக் கூடத்தில் வேலை கிடைத்தது. ஈரத்தாளில் நூறு நூறாக நெல்லை அடுக்கிச் சுருட்டி வைத்து, பதினாலாம் நாள் பிரித்து எத்தனை முளைத்திருக்கிறது என்று எண்ணுகிற வேலை. கல்யாணப் பேச்சு வந்தபோது சொந்தக்காரர்கள் கூடிப் பேசி, மாப்பிள்ளை வீட்டில் மதலேனுக்கு 'சுகர்' என்று சொல்லிவிடுவது என்று தீர்மானித்தார்கள். எங்கள் பக்கத்தில் சர்க்கரை வியாதி பல பேரின் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறது. அமலி அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. பெண் பார்க்க வந்த கிளாட்சனிடம், காபித் தட்டைக் கீழே வைப்பதற்கு முன்பே முழுக் கதையையும் சொன்னாள்.

கிளாட்சன் கதிர் அறுக்கும் மிஷின் ஓட்டுகிறவன், லுத்தரன் சபை. "எங்க வீட்டுல எல்லாருக்கும் மூளை நல்லா இருக்குங்க. ஆனா யாரும் அத எடுத்து உபயோகிக்கிறதில்ல" என்றான். அமலிக்கு அந்த இடத்திலேயே அவனைப் பிடித்துப்போயிற்று. ஆர்.சி. பெண்ணை லுத்தரன் வீட்டுக்குக் கொடுப்பதா என்று கிளம்பிய சண்டையில் மதலேன் விஷயத்தை எல்லாரும் மறந்தே போனார்கள்.

குழந்தை பெற்றுக்கொள்வதற்கு முன் டாக்டரிடம் போய், இது எனக்கும் வருமா என்று நேருக்கு நேர் கேட்டாள். பத்துப் பேரில் ஒருத்தருக்கு வரலாம், ஒன்பது பேருக்கு வராது என்றார் டாக்டர். அமலி மனசுக்குள் கணக்குப் போட்டாள். நெல்லில் நூற்றுக்கு எண்பது முளைத்தாலே சீட்டு ஒட்டி அனுப்பிவிடுகிறோம். இங்கே தொண்ணூறு. நல்ல விதைதான். அந்தத் தைரியத்தில் செம்மொழி பிறந்தாள்.

ஆனால் எண்பது முளைக்கிற இடத்தில் இருபது முளைக்காமல் கறுத்துக் கிடப்பதையும் தினமும் தன் கையால் எடுத்துப் போடுகிறவள் அவள்தான். அதனால் ஒரு வயதை மட்டும் மனசில் குறித்து வைத்திருந்தாள். அம்மாவுக்கு வந்த வயது முப்பத்தேழு. போன ஐப்பசியில் அமலிக்கு முப்பத்தேழு முடிந்தது. செம்மொழிக்குப் பதினொன்று. அருள்சாமி தவறிப்போய் ஆறு வருஷமாகியிருந்தது, மதலேன் மகள் வீட்டில் இருந்தாள். வீடும் அதே கோரைக்குடியில்தான், தெரு மட்டும் வேறே.

மார்கழி முதல் வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. அமலி வேலைவிட்டு வந்தபோது மதலேன் வாசலிலேயே நின்றிருந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"அடியே, என் குரல எடுத்துட்டுப் போயிட்டாங்கடி."

"யாரும்மா?"

"வந்தாங்க, எடுத்துக்கிட்டுப் போனாங்க. வயல்ல மூங்கில் மேல வைக்கப் போறாங்களாம். இனிமே நான் கத்த வேணாம், அதுவே கத்தும்."

அமலி கோபப்படவில்லை, வாதாடவில்லை. தன் விதிப்படி எல்லாவற்றையும் கச்சிதமாகச் செய்தாள். "அப்படியாம்மா" என்றாள். நோட்டை எடுத்து வார்த்தை பிசகாமல் எழுதிக்கொண்டாள். செம்மொழி பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். வியாழக்கிழமை மாதாந்திர முறைக்கு ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோட்டை டாக்டரிடம் காட்டினாள். இப்போதிருப்பவர் சின்ன வயது டாக்டர், நல்ல பிள்ளை. அவர் படித்துவிட்டு மதலேனிடம், "உங்க குரல் இப்ப எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்.

"மூங்கில் மேல" என்றாள் மதலேன், இது தெரியாதா என்கிற மாதிரி.

டாக்டர் ராத்திரி மாத்திரையைக் கூட்டி எழுதினார். அடுத்த நாளிலிருந்து மதலேன் காலை எட்டு மணி வரை தூங்கினாள். விழித்த பிறகும் பாதி விழிப்புதான்.

அடுத்த திங்கட்கிழமை விடிகாலை ஆறு மணி. கிளாட்சன் மிஷினோடு ஆந்திரா பக்கம் போயிருந்தான். அமலி கொல்லையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பனி இறங்கியிருந்தது, வாடை லேசாக அடித்தது. அப்போது தூரத்திலிருந்து, தெளிவாக, அம்மாவின் குரல்.

"அடி அமலீ... ஓடியாடீ..."

அமலி கரி படிந்த கையோடு உள்ளே ஓடினாள். மதலேன் கட்டிலில் வாயை மூடிக்கொண்டு ஆழ்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். அமலி கொல்லைக்குத் திரும்பி வந்தாள். மறுபடியும் கேட்டது. ஏழு மணிக்குள் ஒன்பது தடவை. பிறகு வெயில் ஏறியது, மோட்டார் கொட்டகைகளும் பால் வண்டியும் சத்தம் போட ஆரம்பித்தன, குரல் நின்றுவிட்டது.

வந்துவிட்டது என்று நினைத்தாள். சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். பயம் தனக்காக இல்லை. சீக்கு வந்தால் மாத்திரை இருக்கிறது, டாக்டர் இருக்கிறார், அவளுக்கு வழி தெரியும். பயமெல்லாம் உள்ளே போர்வைக்குள் சுருண்டு கிடந்த செம்மொழிக்காக. அந்தப் பிள்ளை ஒரு பகல் முழுக்கத் தாகத்தோடு ஆட்டின் முன்னால் உட்காரக் கூடாது. அது மட்டும் கூடாது.

மறுநாள் விதிகளைப் போட்டுப் பார்த்தாள். ஆட்டுக்குப் பதில் பக்கத்து வீட்டு நாய். குரல் கேட்டபோது நாய் காதைக்கூட அசைக்காமல் சாம்பலில் சுருண்டு கிடந்தது. ஆக, குரல் இல்லை. அந்த நாய் குட்டியிலிருந்தே மதலேன் போடும் சத்தத்தில் வளர்ந்த நாய், அதற்கு இந்தக் கூப்பாடு காக்கா கத்துகிற மாதிரி என்பது பயத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டாவது விதிப்படி மதிவதனியிடம் போயிருக்க வேண்டும். அவள் இரண்டு தெரு தள்ளித்தான் இருக்கிறாள், இன்னமும் பிடிக்காமல்தான் இருக்கிறாள், ஆகவே தகுதி குறையவில்லை. அமலி ஒரு நாள் அவள் வீட்டு வாசல் வரை வண்டியை ஓட்டிக்கொண்டு போனாள். "கேக்கலியே" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் கதை முடிந்தது என்று நினைத்ததும், வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டாள். குரல் வந்த திசையில் நாலு எட்டு நடந்து பார்த்திருக்கலாம். ஆனால் அவள் கையெழுத்திலேயே இருந்தது, குரலைத் தேடிப் போகக் கூடாது என்று. அடுத்தவருக்கு ஆயிரம் வழி சொல்கிற மூளை தனக்கென்று வரும்போது இப்படித்தான் படுத்துவிடும்.

பதினோரு நாள் இப்படிப் போயிற்று. பரிசோதனைக் கூடத்தில் ஒரே தாளைப் பிரித்து மூன்று தடவை எண்ணினாள், மூன்று கணக்கு வந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், வீணாய்ப்போன விண்ணப்பத் தாள்களின் பின்பக்கம் செம்மொழிக்காக எழுத ஆரம்பித்தாள். 'அம்மா தண்ணியில விஷம்னு சொன்னா நம்பாத. ஏதாவது ஆடு மாடு குடிக்குதான்னு பார்.' 'அம்மா உன்னத் திட்டினா அது சீக்கு திட்டுது.' 'உன்னைப் பிடிக்காத ஒரு ஆளை எப்பவும் கைவசம் வச்சிக்க.' இதை எழுதும்போது அவளுக்கே சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. பக்கத்து மேசை ஷோபனா, "நெல்லு முளைக்கலன்னா விவசாயி அழுவான், நீ ஏன்டி அழுவுற?" என்றாள்.

பன்னிரண்டாம் நாள் காலை. இட்லித் தட்டை வைத்துக்கொண்டு செம்மொழி கேட்டாள்.

"அம்மா, நேத்து எத்தன மணிக்குத் தூங்கின?"

அந்தக் கேள்வி அமலிக்குத் தெரியும். இருபத்தெட்டு வருஷத்துக்கு முன் இதே கேள்வியை, இதே அசட்டையான குரலில், இட்லியைப் பார்த்துக்கொண்டே அவள் தன் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள்.

"எதுக்குடி கேக்குற?"

"சும்மாதான்."

"நோட்ட எடு."

செம்மொழி முதலில் விழித்தாள். பிறகு பையிலிருந்து அறிவியல் நோட்டை எடுத்து, கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினாள். 'திங்கள். 5.50க்கு எழுந்தது. கொல்லையில் நின்னுச்சு. காதைப் பொத்திக்கிச்சு.' 'புதன். இட்லி மாவுல உப்பு ரெண்டு தடவ போட்டுச்சு.' 'வெள்ளி. அழுதிருக்கு, சளின்னு சொல்லுது.'

அதைப் படித்தபோது அமலிக்குத் தோன்றிய வேதனையைச் சொல்லி முடியாது. எதிலிருந்து இந்தப் பிள்ளையைக் காப்பாற்ற வேண்டும் என்று பதினோரு நாளாக நடித்தாளோ, அந்த நடிப்பே பிள்ளையை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்திருக்கிறது. சளி என்று சொல்லியிருக்கிறாள். தலைவலி என்று சொன்ன அருள்சாமிக்கும் அவளுக்கும் என்ன வித்தியாசம்? அவள் கையைத் துடைத்துக்கொண்டு மகளின் எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"செம்மொழி, உன்கிட்ட பொய் சொல்ல மாட்டேன். எனக்கு பதினோரு நாளா ஒரு குரல் கேக்குதுடி. இல்லாத குரல்."

"அம்மாச்சி குரலா?"

"ம்."

"அடி அமலீ ஓடியாடீன்னா?"

ஐயோ, பிள்ளைக்கும் வந்துவிட்டதே! மூன்று தலைமுறையும் ஒரே வீட்டில், ஒரே மார்கழியில்!

"உனக்கும் கேக்குதா?" என்றாள் அமலி.

"கேக்காம? சித்தீக் மாமா வயல்ல மூங்கில் நட்டு மைக் கட்டியிருக்காங்கம்மா. குருவி வெரட்ட. ஸ்கூல் வேன்லேருந்து தெனம் பாக்குறேன். வேன்ல எல்லாரும் ஒன் பேரச் சொல்லி என்னைக் கிண்டல் பண்றாங்க."

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"ஒனக்குத் தெரியும்னு நெனச்சேன். அதான் அம்மாச்சி அன்னிக்கே சொன்னாங்களே, குரல எடுத்துட்டுப் போயிட்டாங்க, மூங்கில் மேல வைக்கப் போறாங்கன்னு. நீகூட எழுதிக்கிட்டியே."

அமலி வண்டியை எடுத்துக்கொண்டு சித்தீக் வயலுக்குப் போனாள். செம்மொழி வேனை விட்டுவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

பெரிய வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், வடகிழக்கில், பால் பிடித்து நின்ற சம்பாவுக்கு நடுவில் மூங்கில். உச்சியில் பழைய இரும்புக்காரர்கள் தெருவில் கொண்டுவருகிற மாதிரி ஒரு சின்ன ஒலிபெருக்கி. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருக்கும் சாமான். கிட்டே போனபோதுதான் முழுசும் கேட்டது. "ஹோய்... ஹா... போ அந்தாண்ட... சனியனே..." என்று நீளமாக ஓடிவிட்டு, கடைசியில் "அடி அமலீ... ஓடியாடீ..." அந்தக் கடைசிக் கூப்பாடு மட்டும்தான் வாடைக் காற்றில் கொல்லை வரை வந்திருக்கிறது.

சித்தீக் வரப்பில் வந்து நின்று தலையைச் சொறிந்தார்.

"கோச்சுக்காத தங்கச்சி. மொதல்ல என் குரலத்தான் போட்டேன். மயிலு பக்கத்துல வந்து நின்னு தோகைய விரிச்சு ஆடுது. எங்க வூட்டம்மா குரலப் போட்டேன், குருவி குடும்பத்தோட வந்துச்சு. ஊருலயே தொண்டைன்னா உங்கம்மாதானேன்னு போய்க் கேட்டேன். டீயும் முட்டை போண்டாவும் வாங்கிக் கொடுத்தேன். உங்களுக்கு ரொம்ப சத்தமா என்ன வருமோ அதக் கத்துங்கம்மான்னேன். அவங்களுக்கு உன் பேருதான் வந்துச்சு."

அமலி மூங்கிலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் எந்த இடத்தில் அழுகைக்கு மாறினாள் என்று யாருக்கும் தெரியவில்லை. சித்தீக் பயந்துபோய், "வேணும்னா கழட்டிடுறேன் தங்கச்சி" என்றார்.

"கழட்டாதீங்கண்ணே. அறுப்பு வரைக்கும் இருக்கட்டும்" என்றாள்.

திரும்பும்போது வாய்க்கால் மதகில் வண்டியை நிறுத்தி, தான் எழுதி வைத்திருந்த விண்ணப்பத் தாள்களைச் செம்மொழியிடம் கொடுத்தாள். இது எதற்கு எழுதியது என்று மறைக்காமல் சொன்னாள். பத்தில் ஒன்று, ஒன்பது என்ற கணக்கையும் சொன்னாள். செம்மொழி எல்லாவற்றையும் படித்தாள்.

"இந்த ஆட்டு விஷயம் நல்லா இருக்கு" என்றாள்.

"எனக்கு ஏதாச்சும் ஒரு மாதிரி இருந்தா நானே உன்கிட்ட சொல்றேன். உனக்குச் சந்தேகம் வந்தா நோட்டுல எழுதிட்டு இருக்காத, எங்கிட்ட வந்து கேளு. எழுதுறதுன்னா கேட்டுட்டு எழுது."

"சரி. ராத்திரி எத்தன மணிக்குத் தூங்கின?"

"ரெண்டு."

"இன்னிக்குப் பத்து மணிக்குப் படுக்கணும்" என்றாள் செம்மொழி. அமலி தலையாட்டினாள்.

வீட்டில் மதலேன் எழுந்து, காபியை ஆற விட்டுவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கண் சரியாகத் திறக்கவில்லை. அமலி காலடியில் உட்கார்ந்தாள்.

"அம்மா, நீ சொன்னது நெசந்தான்மா. குரல எடுத்துட்டுத்தான் போயிருக்காங்க."

"அதான் அன்னிக்கே சொன்னேனே" என்றாள் மதலேன், நாக்கு குழற.

"நான் நம்பல. எழுதி மட்டும் வச்சேன். தப்பும்மா."

"நம்பாதவ எதுக்குடி எழுதுற?"

இருபத்தெட்டு வருஷ நோட்டை மனசுக்குள் புரட்டினாள் அமலி. பம்புக்கு ஓர் ஆட்டைப் பார்த்தாள், செய்திக்கு மதிவதனியைத் தேடிப் போனாள். அம்மாவுக்குச் சீக்கு என்று தெரிந்த பிறகு எதையும் போய்ப் பார்க்கிற வேலையையே விட்டுவிட்டாள். முட்டை போண்டா தின்றுவிட்டு வந்து உண்மையைச் சொன்ன பெண்பிள்ளைக்கு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்துத் தூங்க வைத்துவிட்டாள். அமலி அம்மாவின் பாதத்தைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். மதலேன் அவள் தலையைத் தட்டிக் கொடுத்துக்கொண்டே காபியில் சர்க்கரை போதவில்லை என்றாள்.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். டாக்டர் கதையைக் கேட்டுச் சிரித்ததில் நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டார். பிறகு சுதாரித்துக்கொண்டு, "எம்மேலயும் தப்பும்மா. யாரு எடுத்துட்டுப் போனாங்கன்னு நான் ஒரு கேள்வி கேட்டிருக்கணும்" என்று மதலேனிடமே சொன்னார். மாத்திரையைப் பழைய அளவுக்குக் குறைத்து எழுதினார்.

"டாக்டர், இவளுக்குப் பதினோரு நாளா குரல் கேட்டுச்சாம். போய்ப் பாக்காம ஊட்லயே நடுங்கிட்டு இருந்திருக்கா" என்றாள் மதலேன். "இவளுக்கும் ஒரு மாத்திரை எழுதுங்க, பாவம்."

நாலைந்து நாளில் மதலேன் பழையபடி விடியலில் எழுந்தாள். போகி கழிந்த மறுநாள், பொங்கல் காலை. கொல்லையில் அமலி பானைக்கு மஞ்சள் கொத்து கட்டிக்கொண்டிருந்தாள், மதலேன் வாசற்படியில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். வாடை திரும்பியது. மதலேன் சட்டென்று கரும்பை இறக்கிவிட்டுக் கையைத் தூக்கினாள். எத்தனையோ தடவை தூக்கிய அதே கை. முகத்தில் அதே பழைய கலக்கம்.

"உனக்குக் கேக்குதாடி?"

அமலிக்கு வாயில் பழக்கப்பட்ட பதில் வந்துவிட்டது. 'எனக்குக் கேக்கலம்மா' என்பதில் பாதி நாக்கு நுனிக்கு வந்த பிறகுதான் நிறுத்தினாள். காது கொடுத்தாள். வாய்க்காலுக்கு அப்பாலிருந்து, நெல்லுக்கு மேலே மிதந்து, அவள் பேர் வந்துகொண்டிருந்தது.

"கேக்குதும்மா" என்றாள். "எனக்கும் கேக்குது."

மதலேன் மகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். முகத்திலிருந்த கலக்கம் மெல்லக் கரைந்தது. கரும்பை மறுபடி எடுத்துக்கொண்டாள்.

"கேட்டா ஒரு குரல் குடுக்கறதுக்கென்ன? எத்தன வருஷமா கூப்புடுறேன்" என்றாள்.

அமலி எழுந்து நின்று, மஞ்சள் கையை வாயோரம் குவித்துக்கொண்டு, வயல் பக்கம் பார்த்துத் தன்னால் முடிந்த மட்டும் கத்தினாள்.

"வர்றேன்ம்மா..."

பக்கத்து வீட்டு நாய் திடுக்கிட்டு எழுந்து குரைத்தது. அதற்கு இந்தக் குரல் புதுசு.